தோசைக்கு நடுவில் ஒரு ஹெச்

என் தங்கை மாதவி ஜெயித்தவற்றை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் வைத்தால், படித்துப் பார்க்கிறேன் என்று வாங்கி, "இதெல்லாம் எதுக்கு அக்கா?" என்று அடித்துவிடுவாள். வங்காளி வழிப் பள்ளியில் படித்தவள், ஆங்கிலத்தில் மட்டுமே கேள்வி கேட்ட நேர்முகத் தேர்வில் தேறினாள். இரண்டு முறை தோற்ற கணக்கியல் தாளை மூன்றாம் முறை எழுதித் தேறினாள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாமலே கம்ப்யூட்டர் படிப்பில் முதல் வகுப்பு வாங்கினாள். அப்பா எடுத்த முடிவு ஒன்றை மாற்றினாள். அதற்கு முன் எங்கள் வீட்டில் யாரும் மாற்றியதில்லை. தோசைக்கு நடுவில் ஒரு ஹெச் எழுத்தைப் போட்டு, சண்முகம் அண்ணாச்சியையே ஒப்புக்கொள்ள வைத்தாள்.

எங்கள் அப்பா மஹாதேவனுக்குத் துறைமுகத்தில் வேலை. எனக்கு எட்டு வயதாகும்போது கல்கத்தாவில் லேக் கார்டன்ஸுக்கு வந்தோம். மாதவி இங்கேயே பிறந்தவள். நான் பத்தாவதோடு நின்று, கல்யாணமாகி, அதே பேட்டையில் வீட்டிலிருந்தபடி புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிறேன். என் தமிழ் அம்மாவின் தமிழ். மாதவியின் தமிழோ வங்காளியில் நினைத்துப் பேசும் தமிழ். ஒரு நாள் அம்மாவிடம், "எங்க ஆபீஸ் தீபக்தா ரொம்ப சிகரெட் சாப்பிடறார்மா" என்றாள்.

அம்மா பதறிப்போனாள். "சாப்பிடறாரா? வயத்துக்கு என்னடி ஆறது?"

வங்காளியில் சோறு, தண்ணீர், சிகரெட் எல்லாவற்றையும் சாப்பிடத்தான் செய்வார்கள். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் ஜனங்கள் ஒரு பொருளுக்கு வாயில் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளும் அந்தக் காதுதான் பிறகு அவளுக்குச் சோறு போட்டது.

அந்த தீபக்தா, அதாவது தீபக் அண்ணா, கரியாஹாட்டில் ஒரு புடவைக்கடை மாடியில் சின்ன அலுவலகம் வைத்திருந்தார். கடைகளுக்கும் சிறு கம்பெனிகளுக்கும் வலைத்தளம் செய்து கொடுப்பார். 2005இல் மாதவி அங்கே தற்காலிகமாகச் சேர்ந்தாள். செய்த தளம் இணையத்தில் தேடுபவர் கண்ணில் படும்படி பார்த்துக்கொள்வது அவள் வேலை. அது என்ன வேலை என்று அப்பாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. 2006 டிசம்பரில் அவர் ஓய்வு பெற வேண்டும்; பெற்றதும் திருச்சி என்று தீர்மானித்திருந்தார்.

"தீபாவளிக்குள்ள வேலை நிரந்தரம்னு ஒரு காகிதம் காட்டு. அக்கா ஆத்துல இருந்துக்கோ. இல்லையா, எங்களோட கிளம்பு. இந்தத் தேடற வேலையைத் திருச்சியில வந்து தேடிக்கோ" என்றார்.

மாதவி தீபக்தாவிடம் போய் நின்றாள். அவர், "சண்முகம் பாபுவின் தளத்தைப் பூஜோவுக்குள் மேலே கொண்டுவா, நிரந்தரமாக்குகிறேன்" என்று சொல்லிவிட்டார். பூஜோ என்றால் இங்கே துர்கா பூஜை. அவள் இந்த ஊரில் இருப்பதும் போவதும் அப்படித்தான் ஒரு தோசைக்கடையின் மேல் வந்து நின்றது.

சண்முகம் அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். லேக் கார்டன்ஸில் டிபன் கடை. விசேஷங்களுக்கும் சமைத்து அனுப்புவார். யாரோ செய்துகொடுத்த வலைத்தளம் ஒன்று அவரிடம் ஏற்கெனவே இருந்தது. திறந்தால் ஒரு குத்துவிளக்கு தானாகத் திரிதிரியாக எரியும், நாதஸ்வரம் வாசிக்கும், அது முடிந்தபிறகுதான் கதவு திறக்கும். உள்ளே உணவுப்பட்டியல், விலாசம், தொலைபேசி எண் எல்லாம் ஒரே படமாக, பூ வேலைப்பாட்டுக்கு நடுவில் இருக்கும். அண்ணாச்சிக்கு அதில் அவ்வளவு பெருமை.

மாதவி அவர் கடைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். தைத்த புடவை ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுக்க வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, தேடற மிஷினுக்குப் படம் பார்க்கத் தெரியாது. படிக்க மட்டும்தான் தெரியும். உங்க தளத்துல அது படிக்கறதுக்கு ஒரு வார்த்தை கூட இல்ல" என்றாள்.

"வெளக்கு எரியுதே பாப்பா!"

"எரியட்டும். குருடனுக்கு முன்னாடி எரியறது. உங்க பக்கத்துக்குத் தலைப்பு என்ன தெரியுமா? 'ஹோம் பேஜ்'. கடை போர்டுல சண்முகம் டிபன்னு போடாம 'கடை'ன்னு மட்டும் போடுவேளா?"

அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்து வெளியே வந்து தன் போர்டைப் பார்த்துக்கொண்டார். பிறகு, "சரி, வெளக்க அணைச்சிரு" என்றார், ஏதோ துக்கம் சொல்வதுபோல.

மாதவி செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பிற்பாடு கடைக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் அவள் சொல்வதும் இதுதான். படத்தில் இருந்ததை எல்லாம் எழுத்தாக மாற்றினாள். ஒவ்வொரு பக்கத்துக்கும், அதில் என்ன இருக்கிறதோ அதையே தலைப்பாக வைத்தாள். டிபனுக்கு ஒரு பக்கம், கல்யாணச் சமையலுக்கு ஒரு பக்கம், பூஜோ நாள் காலை உணவுக்கு ஒரு பக்கம். விலாசத்தை ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் எழுதியிருந்ததை ஒரே மாதிரி ஆக்கினாள். அண்ணாச்சியிடம் சாப்பாடு வாங்கும் குடியிருப்புச் சங்கங்களுக்குப் போய், உங்கள் தளத்தில் ஒரு லிங்க் போட்டு இவர் கடைத் தளத்துக்கு வழி காட்டுங்கள் என்று கேட்டாள். "சாப்பிட்டவங்க சொல்றதுக்குத்தான் அக்கா மதிப்பு. காசு குடுத்து நூறு பேரைச் சொல்ல வெச்சா அது பொய்ச்சாட்சி" என்றாள்.

அதுவரை அண்ணாச்சி தலையாட்டிக்கொண்டிருந்தார். தோசையை ஆங்கிலத்தில் ஹெச் சேர்த்தும் எழுதலாம் என்று அவள் சொன்னதும் கொதித்துவிட்டார்.

"என்னம்மா இது? டி, ஹெச், ஓ... தோசைக்கு நடுவுல ஹெச்ச யாரு போட்டா? தோசையா, தோஷமா? எங்க அப்பா காலத்துல இருந்து சுடுதேன், என் கல்லுல ஒருநாளும் ஹெச் விழுந்ததில்ல பாத்துக்கோ."

"இங்க எல்லாரும் அப்படித்தானே சொல்றா அண்ணாச்சி."

"சொன்னா சொல்லட்டும். தப்பா சொல்லுதவனுக்கு நான் தப்பா எழுதணுமா?"

மாதவி கடையில் மேஜைகளைப் பார்த்தாள். நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் எதிர்வீட்டு வங்காளி மாமி அங்கேதான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாதவி அவரிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, வங்காளியில், "மாஷிமா, நீங்கள் சாப்பிடுவதன் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்களேன்" என்றாள்.

மாஷிமா கையைத் துடைத்துக்கொண்டு கவனமாக எழுதினார். அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். ஹெச் இருந்தது. பக்கத்து மேஜைக் கல்லூரிப் பையன்கள் இருவரும் எழுதினார்கள். அவர்களுடையதிலும் இருந்தது. அதில் ஒருவன் ஸாம்பாரிலும் ஒரு ஹெச்சைச் சேர்த்திருந்தான்.

"ஏலே, ஸாம்பாரையுமா!" என்று அண்ணாச்சி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நிர்புல் பானான்!" என்றார் மாஷிமா, எழுத்து சரிதானே என்ற அர்த்தத்தில், பெருமையாக.

அண்ணாச்சி அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கினார். "இவ்வளவு நாளா இவங்க வேற எதையோ தேடிக்கிட்டு இருந்திருக்காங்க, நான் வேற எதையோ வித்துக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார்.

கடைசியில் மாதவி தலைப்பில் சரியான எழுத்தையே வைத்தாள். உள்ளே மட்டும் ஒரு வாக்கியம் எழுதினாள்: கல்கத்தாவில் பலர் இதை ஹெச் போட்டும் எழுதுவார்கள், எப்படி எழுதினாலும் எங்கள் கல்லில் வருவது ஒன்றுதான். அண்ணாச்சி அதை வாடிக்கையாளர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினார்.

தளம் மெதுவாக மேலே ஏறியது. மெதுவாகத்தான் ஏறும் என்று மாதவி முதலிலேயே சொல்லியிருந்தாள். தீபக்தாவுக்குப் பொறுமை போதவில்லை. ஆகஸ்டில் ஒரு மத்தியானம், அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அந்தப் பக்கத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வார்த்தைகளைக் கொட்டிவைத்தார். தோசை பத்து விதமாக, பிரியாணி, ஹோட்டல், பூஜோ, சினிமா டிக்கெட் கூட. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. மிஷின் மட்டும் படிக்கும்.

சில நாள் கழித்து நான் மதியச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துப் போனபோது மாதவி எனக்குக் காட்டினாள். ஏதோ இரண்டு பொத்தானை அழுத்தினாள், பக்கம் முழுக்க நீலமாகி, வெறுமையாக இருந்த இடத்தில் வார்த்தைகள் எறும்புபோல வெளியே வந்தன. வெளியே தெரியாமல் தைப்பதுதான் என் தொழில். ஆனால் ஃபால்ஸ் புடவையைத் தாங்கும். இது எதையும் தாங்கவில்லை.

"தீபக்தா, சாப்பிட வர்றவங்க படிக்க முடியாததை நாம யாருக்காக எழுதறோம்?" என்று வங்காளியில் கேட்டாள்.

"முதலிடம் வந்ததா இல்லையா?" என்றார் அவர். வந்திருந்தது. சந்தேஷ் இனிப்பு கூட வாங்கி வைத்திருந்தார். அந்த வார்த்தைகளை எடுக்க அவளை விடவில்லை.

செப்டம்பர் பாதியில் ஒரு காலை, அண்ணாச்சியின் தளம் தேடினால் எங்கேயும் இல்லை. கடைசிப் பக்கம் வரை போனாலும் இல்லை. கடையின் முழுப் பெயரைப் போட்டாலும் இல்லை. ஏமாற்றிய தளம் என்று தேடுபொறி தூக்கி எறிந்துவிட்டது. பூஜோ ஆர்டரை நம்பி அண்ணாச்சி இரண்டு சமையல்காரர்களை ஊரிலிருந்து வரவழைத்திருந்தார். அப்பா ஹவுராவிலிருந்து மூன்று டிக்கெட்டுக்கு என்ன வழி என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

தீபக்தா அலுவலகத்தில் எல்லோரும் கூடினோம். அண்ணாச்சி வரும்போதே கத்திக்கொண்டு வந்தார். "பாப்பா, உன்னால ஒரு ஹெச்ச நம்பி நான் மோசம் போனேன்!"

"ஹெச்சுனால இல்ல அண்ணாச்சி" என்று நடந்ததைச் சொன்னாள். தீபக்தா ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தார்.

அவர் சொன்ன வழி, வேறு பெயரில் புதுத் தளம் திறப்பது. மாதவி வேண்டாம் என்றாள். மறைத்து வைத்ததை எல்லாம் எடுத்துவிட்டு, செய்தோம், எடுத்துவிட்டோம், இனி செய்யமாட்டோம் என்று தேடுபொறி நிறுவனத்துக்கு எழுதிப்போட ஒரு வழி இருக்கிறது. அதில் எழுதுபவர் பெயர் போட வேண்டும்.

"கம்பெனி பெயரை அதில் போட முடியாது. நாளைக்கு யார் நம்மிடம் வேலை கொடுப்பார்கள்?" என்றார் தீபக்தா.

"நான் போடமாட்டேன்" என்றார் அண்ணாச்சி. "செய்யாத தப்புக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்? சொல்லுங்க."

இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. மாதவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்தை வரிவரியாகச் சோதித்தாள். நானும் கூட உட்கார்ந்து, அந்த நீலத்தில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தேன். பிறகு நாலே வரியில் ஆங்கிலத்தில் எழுதினாள். யார் செய்தது என்று எழுதவில்லை. எங்கள் அலுவலகத்தில் நடந்தது, இந்தத் தளத்துக்குப் பொறுப்பு நான், நீக்கிவிட்டேன் என்று எழுதினாள்.

"ஏண்டி, நீ பண்ணாததுக்கு நீ எதுக்கு?" என்று நான் காதில் கேட்டேன்.

"தளம் என்னுதுக்கா. சேத்த வார்த்தை மட்டும்தான் அவரோடது."

பூஜோ ஆர்டர்கள் போய்விட்டன. அதை யாராலும் திருப்ப முடியவில்லை. ஊரிலிருந்து வந்த சமையல்காரர்கள் வேலையில்லாமல் பூஜோ பந்தல் பார்த்துவிட்டு வந்தார்கள். லக்ஷ்மி பூஜை கழிந்து தளம் திரும்பி வந்தது. முதலிடத்தில் இல்லை, நடுவில் எங்கேயோ. அங்கிருந்து தன் காலாலேயே ஏறியது. தீபாவளியன்று வரும் காளி பூஜைக்கு ஒரு குடியிருப்புச் சங்கம் காலை டிபன் முழுவதையும் அண்ணாச்சியிடம் கொடுத்தது. அழைத்தவர் ஹெச் போட்டுத் தேடினேன் என்றாராம்.

அண்ணாச்சி நேராகத் தீபக்தாவிடம் போய், "எனக்கு உங்க கம்பெனி வேண்டாம், அந்தப் புள்ள இருந்தா கம்பெனி வேணும். பாத்துக்கிடுங்க" என்றார். தீபாவளிக்கு முதல் நாள் மாதவி கையில் காகிதம் இருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"நிரந்தரம்ங்கற வார்த்தை எங்கடி?"

"ரெண்டாவது வரியில இருக்கு அப்பா."

"முதல் வரியில போட்டிருக்கலாம்" என்றார். பிறகு, "தேடறவா கண்ணுல முதல்ல படணுமோல்லியோ?" என்றார். அவளுடைய வேலையைப் பற்றி அவர் சிரித்துப் பேசியது அதுதான் முதல் தடவை. டிக்கெட் இரண்டுதான் எடுத்தார்.

அந்தச் செப்டம்பருக்கு முன் மாதவி எழுதிய பக்கங்கள் எத்தனையோ. எதிலும் அவள் பெயர் கிடையாது. கடைக்காரர் பெயர் இருக்கும், இல்லையென்றால் கம்பெனி பெயர். தான் எழுதியதன் கீழே மாதவி மஹாதேவன் என்று அவள் முதன்முதலாகப் பெயர் போட்டது அந்த நாலு வரிக்குக் கீழேதான். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். தேதியையும் அவளே அடித்தாள்: 2006 செப்டம்பர் 18.