நான் எருமைக்கு ஊசி போட்டவள்தான்

எங்கள் தெருவில் என்னைப் 'பால் ஊசிக்காரி' என்று சொன்னவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். போட்டேன், என் கையாலேயே போட்டேன். ஏன் போட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திட்டியிருந்தால் திட்டுக்காவது மரியாதை இருந்திருக்கும்.

எழுபதுகளின் கடைசி அது. அடி அண்ணாமலையில் மாமனார் வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்குக் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மில்லில், அதாவது வேர்க்கடலை உடைக்கிற மில்லில், வேலை. சீசன் முடிந்தால் அதுவும் கிடையாது. வருஷம் முழுக்க எங்களைக் காப்பாற்றியது ஒரே ஒரு எருமை. அதன் பாலைச் செங்கம் ரோட்டு வீடுகளுக்குத் தூக்கிப்போய் ஊற்றுவது என் வேலை.

அந்த எருமை கன்று போட்டு ஒரு வாரத்தில் கன்று செத்துப்போனது. கன்று வந்து முட்டாமல் அது பால் விடாது. மடி கல்லாகக் கனத்துக் கிடக்கிறது, ஒரு சொட்டு இறங்கவில்லை. கையை வைத்தால் உதை.

"ரெண்டு நாள் பாப்பேன். பால் விடலைனா தரகனை வரச் சொல்லிடுவேன்" என்றார் மாமனார். தரகன் வந்தால் மாடு எங்கே போகும் என்று ஊருக்கே தெரியும்.

பிறகு அவரே ஒரு வழி செய்தார். செத்த கன்றின் தோலை உரித்து, உப்புத் தடவிக் காயவைத்து, வைக்கோலை அடைத்து, நாலு குச்சியில் நிறுத்தினார். எல்லா ஊரிலும் செய்வதுதான். எருமை மோந்து பார்த்தது, நக்கியது, பால் விட்டது. மாமனாருக்கு ஏகப்பட்ட பெருமை.

கறந்தவள் நான். நக்கி நக்கித் தோலில் முடி கொட்டியது. வயிற்றுப் பக்கம் தையல் விட்டு வைக்கோல் வெளியே வந்தது. அப்போதும் அது நக்கிக்கொண்டே ஒரு மாதிரி முனகும். எனக்கு அதைக் கேட்கவே முடியாது. அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் எனக்கு ஒரு பெண் பிறந்து ஆறாம் நாள் போயிருந்தாள். பால் வற்றட்டும் என்று மல்லிகைப்பூவை வைத்து மாரை இறுக்கிக் கட்டினார்கள். அதோடு அவள் பேச்சு முடிந்தது. வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

ஒன்பதாம் நாள் கறந்து முடித்ததும் அந்த வைக்கோல் கன்றைத் தூக்கிப்போய்க் கொல்லையில் புதைத்தேன். யாரையும் கேட்கவில்லை. நேராக மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சீட்டு எழுதினார். கம்பவுண்டர்தான் ஊசி போடச் சொல்லிக்கொடுத்தார்.

"இது மூளைக்கு அடியில இருக்கற சுரப்பியோட மருந்துமா. கன்னு முட்டினா உடம்பு தானா என்ன செய்யுமோ, அதையே இது செய்யும். பொம்பளைங்களுக்குப் பிரசவத்துலயும் இதான் போடறாங்க. ஆனா ஜாஸ்தி போட்டுப் பழக்கிடாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா கம்மி பண்ணிடுங்க."

எனக்கும் போட்டிருக்கிறார்கள் அப்படியென்றால். என்னை யாரும் பாவி என்று சொல்லவில்லையே.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. செங்கம் ரோட்டில் ரூம் வாடகைக்கு விடும் ஒரு அம்மா, "ஊசி போட்ட பால் சாமிக்கு ஆகாதும்மா, நாளைல இருந்து வேணாம்" என்றார்.

"ஒம்பது நாளா செத்த கன்னோட தோலைக் காட்டிக் கறந்துதாங்க ஊத்தினேன். அது மட்டும் சாமிக்கு ஆச்சா?"

கதவைச் சாத்திக்கொண்டார். போனால் போகட்டும் என்று அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

பின்னாளில் கன்று உயிரோடு இருக்கும்போதே வேளைக்கு ஒரு ஊசி குத்திக் கறந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம். நான் கம்பவுண்டர் சொன்னபடி குறைத்தேன். தவிடு வைத்து, வெந்நீரில் மடியைக் கழுவி, பேசிக்கொண்டே தடவிக்கொடுப்பேன். மாதம் முடிவதற்குள் ஊசியே வேண்டியிருக்கவில்லை. தரகனும் வரவில்லை.

ஆனால் முதல் நாள் ஊசி போட்டபோது அப்படி முடியும் என்று எனக்கென்ன தெரியும்? கயிற்றைப் பிடிக்க மாட்டேன் என்று மாமனார் விலகி நின்றுகொண்டார். தனியாகக் கம்பத்தில் கட்டிப்போட்டுத்தான் குத்தினேன். உதை வாங்கி முழங்கால் வீங்கியது.

"ஒரு எருமைக்கு இவ்ளோ வீம்பா? வழிவழியா செய்யறதைத்தானே நானும் செஞ்சேன்?" என்றார்.

எனக்குப் பொங்கிவிட்டது. அதுவரை அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினவள் இல்லை நான்.

"என் பொண்ணு போனப்போ அவ சட்டையில பஞ்சை அடைச்சு என் மடியில வெச்சிருந்தா, நான் சும்மா இருந்திருப்பனா மாமா?"

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று சாப்பிடவும் இல்லை. நான் கூப்பிடவும் இல்லை.

மறுநாள் காலையில் சிரிஞ்சை வெந்நீரில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கயிற்றைப் பிடித்தபடி எருமைக்குப் பக்கத்தில் அவர் நின்றிருந்தார். ஊசியைப் போட்டேன். கறந்தேன். பால் இறங்கிக்கொண்டிருக்கும்போது, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"கொழந்தைக்குப் பேரு ஏதாவது யோசிச்சு வெச்சிருந்தியாம்மா?"

வைத்திருந்தேன். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.