ஹெஸ்ஸலின் பீப்பாயும் வீபேயின் மூக்கும்

பாலத்து வீட்டுக்கு நான் தபால் கொடுக்கத் தொடங்கியபோது வீபேக்கு ஐம்பத்திரண்டு வயது. கால்வாயின் மேல் ஒரு தூக்குப் பாலம், அதை ஒட்டி இரண்டே அறை உள்ள செங்கல் வீடு. கோடையில் பாய்மரப் படகுகள் வரும். வீபே பொத்தானை அழுத்திப் பாலத்தைத் தூக்குவார், இறக்குவார், படகில் இருப்பவர்களுக்குக் கையசைப்பார். அக்டோபர் முடிந்தால் படகு கிடையாது. அப்புறம் ஏப்ரல் வரை அந்த வாசலில் வந்து நிற்கிற ஆள் பெரும்பாலும் நான் ஒருத்திதான். நானும் இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றதில்லை.

அவர் மனைவி கேஸ்கே விட்டுப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. பெரிய சண்டை எதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்தவள், "ஒரு சொட்டு விஸ்கிய மோந்து பாத்து எந்த மரம், எத்தன வருஷம்னு சொல்லுற. நான் முடிய வெட்டி மூணு வாரமாச்சு. அது உன் கண்ணுல படல," என்றாளாம். அந்த வசந்த காலத்திலேயே ஸ்வோல்லேயில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். இதை என்னிடம் சொன்னது வீபேயேதான். சொல்லிவிட்டு, "அவ சொன்னது சரிதான்," என்றார்.

விஸ்கி அவர் வாழ்க்கைக்குள் வந்தது ஹெஸ்ஸலால். ஹெஸ்ஸலும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. எங்கள் ஊரின் பழைய வெண்ணெய் ஆலையை வாங்கி, ஃப்ரீஸ்லாந்து வாற்கோதுமையை வைத்து ஹெஸ்ஸல் சிங்கிள் மால்ட் விஸ்கி காய்ச்ச ஆரம்பித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். ஸ்காட்லாந்துக்காரன் செய்ய வேண்டியதை இவன் ஏன் செய்கிறான் என்று. முதல் பீப்பாய்க்கு மூன்று வயது ஆனதும், ஒரு குப்பியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு நேராகப் பாலத்து வீட்டுக்கு வந்தார். வீபே மோந்து பார்த்தார்.

"ஆப்பிள் தோலு. பிரசங்கத்தப்ப அம்மா கையில திணிப்பாளே, அந்த பெப்பர்மின்ட். கடைசியில ஒரு பச்ச மர வாசன. உன் பீப்பாய உள்ள ஒரு பக்கம் சரியாக் கருக்கல, ஹெஸ்ஸல்."

ஹெஸ்ஸல் நம்பவில்லை. ஆனாலும் பீப்பாயைக் காலி செய்து, மூடியைக் கழற்றி, விளக்கு வைத்துப் பார்த்தார். உள்பக்கம் முழுக்க நெருப்பில் கருக்கியிருக்க வேண்டும். மூன்று பலகைகள் கருகாமல் வெளுத்துக் கிடந்தன.

அன்றிலிருந்து வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வீபே சைக்கிளில் ஆலைக்குப் போவார். அன்று காலையில் காபி கிடையாது, உப்பில்லாத ரொட்டியும் வெதுவெதுப்பான தண்ணீரும்தான். வாசனை சோப்பு எந்த நாளுமே கிடையாது. பீப்பாய்க் கிடங்கில் ஹெஸ்ஸல் கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, வாய் குறுகலான கோப்பையில் ஊற்றுவார். வீபே மேலே ஒரு மூடி வைத்துக் கால்மணி நேரம் விடுவார். அப்புறம் வாயை லேசாகத் திறந்தபடி மோப்பார். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி மோப்பார். கடைசியில்தான் நாக்கு. பெரும்பாலும் துப்பிவிடுவார். அவர் சொல்லச் சொல்ல, ஹெஸ்ஸல் பீப்பாயின் தலையில் சாக்பீஸால் எழுதுவார்: இன்னும் ஐந்து வருடம், வேறு மரப் பீப்பாய்க்கு மாற்று, இப்போதே எடு.

"ஏன்டா, ஒரு தடவையாவது பிரமாதம்னு சொன்னா உன் வாய் கோணிக்குமா?"

"பிரமாதமா இருந்தா சொல்லுறேன்."

இப்படியே பதினேழு வருடம். வேறு எங்கேயும் வீபே இவ்வளவு பேசி யாரும் பார்த்ததில்லை.

அவர் மூக்கின் பேர் மெல்லப் பரவி, லேயுவார்டன் நகரத்தில் வருடாவருடம் நடக்கிற முதிர்ந்த மால்ட் விஸ்கிப் போட்டிக்கு அவரை நடுவராகக் கூப்பிட்டார்கள். நெதர்லாந்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் புட்டிகள் வரும். கோப்பைகளுக்கு எண் மட்டும்தான். எந்த நடுவருக்கு எந்த மேஜை என்பதைக் காலையில்தான் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அந்த வருடம் வீபேக்கு விழுந்தது பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவற்றின் மேஜை. கூட இருந்தவர்கள் இரண்டு பேர்: குரோனிங்கனைச் சேர்ந்த ஒரு வேதியியல் வாத்தியார், ஹேக் நகரத்து ஓட்டல்காரம்மா ஒருவர்.

நான்காவது கோப்பையின் மூடியை எடுத்ததுமே தெரிந்துவிட்டது என்றார் வீபே. ஆப்பிள் தோல், பெப்பர்மின்ட். ஹெஸ்ஸலுடையது. தாளில் இருபது வயது என்று இருந்தது. மூக்குக்கு இருபதுதான். மெழுகு, பழைய தோல் பை, வைக்கோல் பரண். ஆனால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டதும் அடியிலிருந்து வேறொன்று எழுந்தது. பிசைந்து வைத்த ஈர மாவு, பச்சைப் பேரிக்காய். ஐந்து, ஆறு வயதுச் சரக்கில் வருகிற வாசனை. புட்டியில் எழுதும் வயது, உள்ளே இருப்பதிலேயே இளையதன் வயதாக இருக்க வேண்டும். அதுதான் சட்டம்.

மற்ற இருவரும் அதற்கு மேஜையிலேயே அதிக மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். "எவ்வளவு உயிரோட இருக்கு பாருங்க," என்றார் ஓட்டல்காரம்மா. வீபே கோப்பையை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அரைமணி நேரம் ஆனது. பிறகு தன் தாளில் எழுதினார்: 'இரண்டு பீப்பாய் கலந்திருக்கிறது. ஒன்று இளையது. இருபது அல்ல.'

அமைப்பாளர்கள் விசாரித்தபோது ஹெஸ்ஸல் ஒத்துக்கொண்டார். அந்தப் பீப்பாய் விரிசல் விட்டு மூன்றில் ஒரு பங்கு ஒழுகிப் போயிருந்தது. பக்கத்துப் பீப்பாயிலிருந்த ஆறு வயதுச் சரக்கை ஊற்றி நிரப்பியிருந்தார். புட்டிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. செய்தித்தாளில் ஒரு மூலையில் வந்தது.

அந்த வாரம் நான் தபாலோடு போனபோது ஹெஸ்ஸல் பாலத்து வீட்டு வாசலில் நின்றிருந்தார். வீபே உள்ளே கூப்பிட்டிருக்க வேண்டும், அவர் போகவில்லை.

"மூக்க வெச்ச உடனே என்னோடதுன்னு தெரிஞ்சுது. இல்லையா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் எழுதின."

"அதுல இருபது வருஷம் இல்ல, ஹெஸ்ஸல்."

"வெளிய வந்து எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். பதினேழு வருஷம்டா!"

"நீதான் என்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கணும். வாராவாரம் வந்தேன். அந்தப் பீப்பாய மட்டும் என்கிட்ட காட்டவே இல்ல."

ஹெஸ்ஸல் என்னைப் பார்த்தார், முகம் சிவந்தது. "அவனுக்குத் தபாலக் குடு, பௌக்யே. இனிமே அவனுக்கு வர்றது அது மட்டும்தான்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

ஆலையில் எங்கள் ஊர்க்காரர்கள் பதினோரு பேர் வேலை செய்தார்கள். அதனால் ஊர் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கடைக்குள் வீபே நுழைந்தால், "சீஸ மூடி வைங்கப்பா, வயசக் கண்டுபிடிச்சிடப் போறாரு," என்று யாராவது சொல்வார்கள். வீபே புன்னகைப்பார், ரொட்டியை வாங்குவார், போவார். கொஞ்ச நாளில் பக்கத்து ஊர்க் கடைக்குப் போக ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு அந்த வழியாகப் போனால் ஜன்னலில் தெரியும். மேஜையில் ஒரு கோப்பை, மூடி, நோட்டுப் புத்தகம். தன்னிடமிருந்த பழைய புட்டிகளையே திரும்பத் திரும்ப மதிப்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்னதை எழுதிக்கொள்ள எதிரே ஆள் இல்லை. ஒருமுறை கதவைத் திறந்து, "ஒரு நிமிஷம் வாம்மா. இத மோந்து பாரு," என்றார். மோந்தேன்.

"விஸ்கி வாசன வருது," என்றேன்.

சத்தமாகச் சிரித்தார். "அதுவும் சரிதான்." இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எனக்கு நாற்பது வீடு பாக்கி இருந்தது, நான் கிளம்பிவிட்டேன். இன்றும் அது உறுத்துகிறது.

ஒரு வருடமும் இரண்டு மாதமும் கழித்து அவருக்கு ஒரு சின்னப் பெட்டி வந்தது. கட்டைவிரல் நீளத்தில் ஆறு குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். கடிதம் இல்லை. முகவரி ஹெஸ்ஸலின் மகள் நின்கேயின் கையெழுத்து. அடுத்த வாரம் வீபே என்னிடம் ஓர் உறை கொடுத்தார். அதற்குள் ஆறு எண்களும் ஆறு குறிப்புகளும் இருந்ததாகச் சொன்னார். வணக்கமும் எழுதவில்லை, பெயரும் எழுதவில்லை. அதன் பிறகு மாதாமாதம் பெட்டி வந்தது, உறை போனது.

"ஹெஸ்ஸல் ஏதாவது எழுதுறாரா?" என்று கேட்டேன்.

"எண் எழுதுறான்," என்றார்.

இப்படி நான்கு வருடம். ஐந்தாவது வருடம் பிப்ரவரியில் கால்வாய் கெட்டியாக உறைந்தது. எங்கள் ஊரில் பனிக்கட்டியில் சறுக்க வராதவர் நோயாளி மட்டும்தான். கரையில் பட்டாணிச் சூப்புக் கடை போட்டிருந்தார்கள். நான் வரிசையில் நின்றேன், எனக்கு முன்னால் ஹெஸ்ஸல். வீபே தெற்கிலிருந்து சறுக்கிக்கொண்டு வந்தார், எதிர்க்காற்றில் கண்ணீர் வழிய. எங்களைப் பார்த்ததும் திரும்பிப் போக இடமில்லை.

இருவரும் ஆளுக்கொரு கிண்ணம் சூப்பு வாங்கினார்கள்.

"பதினாலாம் நம்பருக்கு மரம் ஜாஸ்தின்னு எழுதியிருந்த," என்றார் ஹெஸ்ஸல்.

"ஆமா."

"இருந்தும் புட்டியில அடச்சேன்."

"தெரியும். ஒண்ணு வாங்கினேன்."

"எப்படி இருந்துச்சு?"

"மரம் ஜாஸ்தி."

ஹெஸ்ஸலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சூப்பு தாடியில் வழிந்தது. வீபேயும் சிரித்தார். நான் நினைத்தேன், முடிந்தது, இனி சரியாகிவிடும் என்று. ஹெஸ்ஸல் தாடியைத் துடைத்தார். "குப்பியில அனுப்புனா பாதி வாசன வழியிலேயே போயிடுது. வேணும்னா வந்து பீப்பாயிலேயே பாரு. நின்கே இருப்பா," என்றார். அப்புறம் வேகமாகச் சறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது வீபே மறுபடி வியாழக்கிழமை ஆலைக்குப் போகிறார். நின்கே குழாயால் எடுத்து ஊற்றுகிறாள், அவர் சொல்வதைப் பீப்பாய்த் தலையில் எழுதுகிறாள். நல்ல பெண், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதற்கு மேல் பேசமாட்டாள். மேல்மாடி அலுவலகத்தில் ஹெஸ்ஸல் நடக்கிற சத்தம் கீழே கேட்குமாம், ஆனால் இறங்கி வருவதில்லையாம்.

போன வாரம் அவரை வழியில் பார்த்தேன். ஒரு பீப்பாய்க்கு இருபத்திரண்டு வயது ஆகிறதாம், உண்மையான இருபத்திரண்டு. வாழ்க்கையில் முதல்முறையாகப் பிரமாதம் என்று எழுதச் சொல்லியிருக்கிறார்.

"ஹெஸ்ஸல்கிட்ட சொன்னீங்களா?"

"நின்கே எழுதினா," என்றார் வீபே. சைக்கிளைத் திருப்பினார். "அவன் மேலதான் இருந்தான். கோட்டு கீழ ஆணியில மாட்டியிருந்துச்சு."