வரி இறங்கும் வரை

அந்தத் தெருவில் அவருக்குப் 'பொறுங்க மாமா' என்றுதான் பேர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். டிவி வாங்கப் போறேன், செல்போன் மாத்தப் போறேன் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், "பொறுங்க, அவசரப்படாதீங்க, வரி இறங்கப் போகுது" என்று குறுக்கே வந்து நிற்பார். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் தலை நரைக்கிற அளவுக்கு வேலை பார்த்து வந்தவர். கப்பலில் வருகிற சரக்குக்கு இறக்குமதி வரி கட்டி, கஸ்டம்ஸ்காரர்களிடம் கையெழுத்து வாங்கி வெளியே எடுத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. எந்தச் சாமானுக்கு வரி ஏறும், எதற்கு இறங்கும் என்பதில் அவருக்கு முன்னாலேயே மூக்கில் வேர்த்துவிடும்.

சும்மா சொல்லக்கூடாது, முக்கால்வாசி பலிக்கவும் செய்தது. வாஷிங் மெஷின் வாங்கக் கிளம்பிய மச்சானை ஒரு வருஷம் தடுத்து நிறுத்தி, விலை இறங்கியதும் கூடவே போய் வாங்கிக் கொடுத்துவிட்டு, அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த ஒரு வருஷமும் குனிந்து குனிந்து துணி துவைத்தவள் மச்சான் பெண்டாட்டி. அவள் இடுப்பு வலியை எந்தக் கணக்கில் எழுதினார் என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

அவருக்கு ஒரே பெண். ஒல்லிக்குச்சி, பேச்சும் கம்மி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் ஒருநாள் கையில் வில்லைக் கொடுத்தார், அன்றைக்குப் பிடித்த கிறுக்கு விடவே இல்லை. விடிந்தால் மைதானம், சாயங்காலமும் மைதானம். ஜூனியர் அணித் தேர்வுக்குப் போக அவளுக்கு வயசுக் கணக்கில் அதுதான் கடைசி வருஷம். ஜெயித்துவிடுவாள் என்று அவளைப் பார்த்த எல்லோரும் சொன்னார்கள்.

ஒருநாள் அவளுடைய கோச் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சார், கிளப்ல இருக்கறது பெரிய ஆம்பளைங்க இழுக்கற வில்லு. இவ பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுக்கறா. இப்படியே போனா தோள் போயிடும். இவ பலத்துக்கு ஏத்த மாதிரி ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்க."

"வாங்காமயா இருப்பேன்? கொஞ்சம் பொறுங்க சார். விளையாட்டுச் சாமானுக்கு வரியையே எடுக்கப் போறாங்க" என்றார் இவர்.

கையில் காசில்லாத மனுஷன் இல்லை. வில்லுக்கென்றே தனியாக எடுத்து வைத்திருந்தார். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவள் இழுக்கக்கூடிய வில் அந்த ஊருக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. அவர் ஆபீஸ் மூலமாகச் சரக்கு எடுக்கும் விளையாட்டுச் சாமான் வியாபாரி ஒருவர் வரவழைத்திருந்தார். வரி கட்டாத சரக்கைச் சீல் வைத்துப் பூட்டுகிற பாண்டட் கிடங்கில் அது கிடந்தது. சரக்கை வெளியே எடுக்கிற அன்றைக்கு என்ன வரியோ அதைக் கட்டினால் போதும் என்பது சட்டம். "அங்கேயே கிடக்கட்டும், வரி இறங்கினதும் எடுத்துக்கலாம்" என்று வியாபாரிக்கு யோசனை சொன்னதே இந்தப் புண்ணியவான்தான்.

வேலையாகக் கிடங்குக்குப் போகும்போதெல்லாம் அந்த நீளப் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருவார். வீட்டில் வந்து, "இன்னிக்கு உன் வில்லைப் பார்த்தேன்மா" என்பார்.

"எப்படிப்பா இருக்கு?" என்று ஆசையாகக் கேட்பாள் பெண்.

"பெட்டிக்குள்ள இருக்கு. உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு."

மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. "அலை ஓஞ்ச பிறகுதான் குளிக்கணும்னா ஆயுசுக்கும் கரையிலேயே நிக்க வேண்டியதுதான். முழு வரியையும் கட்டி எடுத்துட்டு வாங்களேன்" என்றாள்.

"பொறுத்தார் பூமி ஆள்வார்" என்றார். அந்தத் தெருவில் பூமி ஆண்டவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

வியாபாரியும் நல்ல மனுஷன்தான். "சார், உங்க பொண்ணுக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் வரி கட்டி எடுத்துக்குங்க. நான் வேணாம்னா சொல்லப் போறேன்?" என்றார். இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், ஆனால் எடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் பொறு என்று சொல்லிவிட்டுத் தானே முழு வரி கட்டினால் நாலு பேர் சிரிப்பார்களே என்று இருந்தது. காசுகூட அப்புறம்தான், வீம்புதான் முதலில். இதுக்கெல்லாமா வீம்பு பார்ப்பான் ஒரு மனுஷன்?

பட்ஜெட் வந்தது. விளையாட்டுச் சாமானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நடுவுல அறிவிப்பு வரும் பாருங்க" என்றார். பெண் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். தலை பின்ன முடியாமல் அம்மாவிடம் சீப்பைக் கொடுத்தாள். அப்பா காதில் மட்டும் விழக்கூடாது என்று சொல்லி வைத்தாள். அவர் ஏதோ பாடுபட்டு வாங்கப் பார்க்கிறார் என்று அவளுக்கு நினைப்பு. தேர்வு நெருங்கிய சமயம், நாணை இழுக்கும்போது தோளுக்குள் ஏதோ அறுந்தது போல் இருந்ததாம். கை அப்படியே தொங்கிவிட்டது.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "தசைநார் கிழிஞ்சிருக்கு. ஆபரேஷன் பண்ணினா கை வீட்டு வேலைக்கு உதவும். வில்லை மட்டும் மறந்துடுங்க" என்றார்.

தேர்வு அவள் இல்லாமலேயே நடந்து முடிந்தது. அவள் அழவில்லை. அவர்தான் ஆபீஸ் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். அழுது என்ன?

அதற்குப் பிறகு வந்தது அறிவிப்பு. விளையாட்டுச் சாமான்களுக்கு இறக்குமதி வரி அடியோடு கிடையாது. "மாமா சொன்னா சொன்னதுதான்" என்று ஆபீஸில் கை குலுக்கினார்கள். வியாபாரியின் பெட்டிகளை அவரே எடுத்துக் கொடுத்தார். வரிக்கான கட்டத்தில் பூஜ்யத்தைத் தன் கையாலேயே எழுதினார். சொன்ன வாக்கு என்று ஒன்று இருக்கிறதே, ஒரு வில்லைக் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குத் தூக்கி வந்தார்.

பெண் இடது கையால் பெட்டியைப் பிரித்தாள். "அழகா இருக்குப்பா" என்றாள். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "கிளப்புக்கே குடுத்துடலாம்பா. சின்னப் பொண்ணுங்க யாராவது இழுக்கட்டும்" என்றாள்.

மறுநாள் இரண்டு பேருமாக மைதானத்துக்குப் போனார்கள். வாசலிலேயே தையல்கடைக்கார அம்மா ஒருத்தி பிடித்துக்கொண்டாள். அணியில் அந்த வருஷம் இடம் கிடைத்தது அவள் மகளுக்குத்தான். இவர் பெண்ணுக்கு என்னமோ தோள் பிடிப்பு, அதனால்தான் தேர்வுக்கு வரவில்லை என்ற அளவுக்குத்தான் அவளுக்குத் தெரியும்.

"புது வில்லா சார்? வரி எடுத்த பிறகு வாங்கினதா?" என்று கேட்டுவிட்டு, அவர் தலையசைத்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எனக்குப் புத்தி இல்லாம போச்சு. போன வருஷமே முழு வரியும் குடுத்துல்ல வாங்கினேன். உங்களை மாதிரி விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா பொறுத்திருப்பேன்."

அவர் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அந்த அம்மா பெண் பக்கம் திரும்பினாள். "இப்படி யோசிச்சு யோசிச்சு செய்யற அப்பா கிடைக்கறதுக்கு நீ குடுத்து வெச்சிருக்கணும்மா."

"ஆமாங்க" என்றாள் பெண். அப்பாவை விட்டுக்கொடுக்காத பெண். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.