முதலாளிக்குப் பிடிக்காத குரங்கு

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஒரு தைலக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். கம்பெனி என்றால் நான்கு அண்டா, ஆறு பெண்கள், ஒரு முதலாளி. சாரல் விழத் தொடங்கினால் எங்கள் தைலம் குற்றாலத்துக்குப் போகும். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள்.

லேபிளின் நடுவில் முதலாளியின் படம். தலைப்பாகையும் கோட்டும் ஸ்டுடியோவில் இரவல் வாங்கியவை. ஓரத்தில் காலியாகக் கிடந்த இடத்தில் அச்சகத்துக்காரர் ஒரு குரங்கை வரைந்திருந்தார். ஜனங்கள் முதலாளியைக் கண்டுகொள்ளவில்லை. "குரங்கு எண்ணெய் ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்டார்கள்.

பெயரையும் படத்தையும் டிரேட் மார்க்காகப் பதிந்துகொள்ளும்படி ஒரு வக்கீல் சொல்லியிருந்தார். விண்ணப்பத்தை டைப் அடிக்க உட்கார்ந்தபோது நான் கேட்டேன்.

"அண்ணாச்சி, எல்லாரும் குரங்கத்தான கேக்காவ. அதையும் சேத்துப் பதிஞ்சிருவமா?"

"என்னவே சொல்லுதீரு? நான் இருக்கும்போது குரங்குக்கு என்னவே மரியாத? 'குற்றாலம்'னு பேரப் போடும். அந்தப் பேர வேற எவனும் சீசாவுல ஒட்டப்படாது."

சில மாதங்களில் மெட்ராஸ் பதிவு ஆபீசிலிருந்து பதில் வந்தது. ஊர்ப் பெயரை ஒருவருக்கு மட்டும் சொந்தமாக்க முடியாது என்று சுருக்கமாக மறுத்திருந்தார்கள். ஊருக்கே பட்டா கேட்ட மனிதருக்கு அது மெட்ராஸ்காரர்களின் பொறாமையாகத் தெரிந்தது. அந்தக் கோபத்தில் லேபிளிலிருந்து குரங்கை எடுத்துவிட்டுத் தன் படத்தை இன்னும் பெரிதாக்கினார்.

குற்றாலத்தில் எங்களுக்கு ஒரு ஏஜெண்டு இருந்தார். முதலாளியைக் கண்டால் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். அவர் சத்தமில்லாமல் சொந்தமாகத் தைலம் காய்ச்சி, அந்தக் குரங்கைத் தன் அடையாளமாகப் பதிய விண்ணப்பித்துவிட்டார். அரசு இதழில் படம் வெளியானதை வக்கீல்தான் எழுதித் தெரிவித்தார். ஆட்சேபிக்க மூன்று மாதம் இருந்தது. குரங்கு போட்ட பழைய லேபிள்களும் பில்களும் கையில் இருந்தால், நாம்தான் முதலில் பயன்படுத்தினோம் என்று காட்டிவிடலாம் என்றார்.

நான் எல்லாவற்றையும் தேடி எடுத்துக் கட்டிவைத்தேன். முதலாளி அந்தக் கட்டைத் தொடவில்லை.

"ஒரு குரங்குக்காவ நான் மல்லுக்கட்டணுமா? ஊருல சிரிக்க மாட்டானுவளா?"

மூன்று மாதமும் போயிற்று.

அடுத்த சீசனில் எங்கள் சீசாக்கள் விற்காமல் பெட்டி பெட்டியாகத் திரும்பின. அந்த மானஸ்தர் யாருக்கும் சொல்லாமல் குரங்கை மறுபடி லேபிளில் ஏற்றினார். பத்தே நாளில் ஏஜெண்டின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. இப்போதும் வழக்காடிப் பார்க்கலாம் என்றார் எங்கள் வக்கீல். மானஸ்தருக்குத் தைரியம் இல்லை. முற்றத்தில் ஆறு பெண்களும் உட்கார்ந்து ஈரத்துணியால் லேபிளைத் தேய்த்து எடுத்தார்கள்.

"அண்ணாச்சி மூஞ்சி சட்டுனு வந்துருது. குரங்குதான் வரமாட்டங்குது" என்றாள் ஒருத்தி.

அவர் உள்ளேதான் இருந்தார். கேட்டிருக்கும்.

மறு மாதம் நான் ஏஜெண்டிடமே வேலைக்குச் சேர்ந்தேன். என்னை மட்டும் யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. முதல் நாள் அவர் தானாகவே ஆரம்பித்தார்.

"நான் ஒண்ணும் திருடலவே. அவரு வேண்டாம்னு போட்டத எடுத்தேன்."

நான் தலையாட்டினேன். உடனே முதலாளி குரலில், மறுநாளிலிருந்து ஒன்பதுக்குப் பதில் எட்டு மணிக்கே வந்துவிடச் சொன்னார்.