அலறல் மட்டும் போதுமாம்

நான் பின்னணிக் குரல் கொடுப்பவள். நாயகிகளுக்கு அல்ல. தண்ணீர் லாரிக்கு முன்னால் சண்டை போடுகிறவள், ஆஸ்பத்திரி வராண்டாவில் அழுகிறவள், கும்பலில் ஒருத்தி, இவர்களுக்குத்தான் என் குரல். பிறந்ததும் வாழ்வதும் திருவொற்றியூரில். ரெக்கார்டிங் இருக்கும் நாட்களில் கும்மிடிப்பூண்டி லைன் ரயிலைப் பிடித்து சென்ட்ரல் போய், அங்கிருந்து பஸ்ஸில் ஸ்டுடியோவுக்குப் போவேன்.

போன வருடம் ஒரு வீடியோ கேமுக்குக் கூப்பிட்டார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் ரவுடியாகிற கதை. அசல் வடசென்னைப் பேச்சு வேண்டுமாம். எத்தனையோ ஸ்டுடியோக்களில் "அந்த கலீஜ் ஸ்லாங்கை விடும்மா" என்று சொல்லியிருக்கிறார்கள். இவர்கள் அதையே கேட்டுக் கூப்பிட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். காலையில் மீன்காரியாகப் பேசினேன், டீக்கடைக்காரியாக ஏசினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு சவுண்டு இன்ஜினியர் சொன்னான்.

"அக்கா, இப்ப கொஞ்சம் அலறணும். ஒரு பொண்ண நாலு பேர் இழுத்துட்டுப் போறாங்க."

"வசனம்?"

"வசனம் இல்லக்கா. அலறல் மட்டும் போதும்."

அலறினேன். இன்னும் பயம் வேண்டும் என்றான். மறுபடி அலறினேன். மூச்சு வாங்குவதுபோல் வேண்டும் என்றான். பிறகு டைரக்டர் மைக்கில் வந்தார். "அழுகையக் கொறச்சுக்கங்க. கேக்க நல்லா இருக்கணும்."

கேட்க நல்லா இருக்கணும். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, படத்தைக் காட்டச் சொன்னேன்.

கன்டெய்னர்களுக்கு நடுவே ஒரு சந்து. அந்த நால்வரின் தோளுக்குப் பின்னால் கேமரா. கிழிந்த ஜாக்கெட்டின் ஒவ்வொரு நூலையும் வரைந்து வைத்திருந்தார்கள். அவள் முகம் இன்னும் வரையப்படவில்லை. வெறும் சாம்பல் நிற முட்டை. என் கையில் இருந்த தாளில் அவள் பெயர் 'பெண் 3'. கேம் ஆடுகிறவன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவளைக் காப்பாற்ற முடியாதாம். பிணத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புது ஆயுதம் கிடைக்குமாம்.

"இவ யாரு?" என்று கேட்டேன்.

"ஹீரோவோட பக்கத்து வீட்டுப் பொண்ணு. ஹீரோவுக்குக் கோபம் வரணும்ல, அதுக்குத்தான்" என்றார் டைரக்டர்.

"அவனுக்குக் கோவம் வர்றதுக்கு இவளக் கிழிக்கணுமா? துறைமுகத்துல வேல செய்றவனுக்குக் கோவம் வர வேற காரணமே கெடைக்கலியா?"

அவர் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் பேசினார். "நிஜத்துல நடக்கலையா? நடக்கறதக் காட்டறோம். மறைச்சா மட்டும் நியாயமா?"

அது எனக்குச் சுருக்கென்றது. மறைக்கக் கூடாது என்பதுதான் என் கட்சியும். முன்பு ஒரு குறும்படத்துக்குக் குரல் கொடுத்தேன். அதில் ஒரு பெண் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, நடந்ததைச் சொல்வாள். புகாரை எழுதுகிற போலீஸ்காரர், பேனா எழுதவில்லை என்பார். முதலிலிருந்து மறுபடி சொல்வாள். அவ்வளவுதான். பேசி முடித்தபோது அந்த அறையில் யாரும் டீயைத் தொடவில்லை. இதை அவரிடம் சொன்னேன்.

"அது படம். கேம் ஆடறவன் அத உணரணும்" என்றார்.

"யாரா இருந்து உணரணும்? கேமரா அந்த நாலு பேரு பின்னாடி கீது. அங்க நின்னா எவனோட உணர்ச்சி வரும்?"

அவர் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். என் அலறலை அழிக்கும்வரை நான் நாற்காலியைவிட்டு எழவில்லை. சவுண்டு இன்ஜினியர் என் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொன்றாக அழித்தான். வேறெங்காவது ஒரு பிரதி இருக்கிறதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ரயிலைவிட்டு இறங்கியபோது தொண்டை ரணமாக இருந்தது. வீட்டுக்குப் போகாமல் என் சிநேகிதி வீட்டுக்குப் போனேன். பக்கத்துத் தெரு. எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் அவள் வேலை செய்தபோது, அங்கிருந்த மேஸ்திரி அவளை நாசம் செய்தான். அவள் மறைக்கவில்லை, கேஸ் போட்டாள். இதை எழுதச் சொன்னதும் அவள்தான்.

வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். இந்த மாதிரிக் காட்சிகளே எதிலும் இருக்கக் கூடாது என்று கத்தினேன்.

"அப்டிச் சொல்லாத மே" என்றாள். "காட்டவே கூடாதுன்னா எங்க கதைய யாரு சொல்றது? ஏற்கெனவே வாய மூடு, வாய மூடுன்னுதான் அல்லாரும் சொல்லிகினு கீறாங்க."

கத்தியைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு நான் கத்தல. தெரியுமா ஒனக்கு? தொண்ட அப்டியே அடச்சிகிச்சி. கோர்ட்டுல அவன் வக்கீலு கேட்டான், ஏம்மா கத்தல, பக்கத்துலயே ஆளு இருந்தாங்களேன்னு. அந்தக் கேள்விலதான் என் கேசு போச்சு. கத்துனாத்தான் மெய்யின்னு அவனுக்கு எவன் சொல்லிக் குட்த்தான்? அல்லாம் இந்த மாதிரி சினிமாவப் பாத்துப் பாத்துக் கத்துகினதுதான்."

அதுவரை அந்தக் காட்சி அசிங்கம் என்பதற்காகத்தான் கொதித்துக்கொண்டிருந்தேன். அது பொய்யும்கூட என்பது அப்போதுதான் புரிந்தது. யாரோ ஏசி அறையில் உட்கார்ந்து, கேட்க நன்றாக இருக்க வேண்டும் என்று செதுக்கிய பொய். அப்படிப்பட்ட பொய்தான் கோர்ட்டுக்கு வந்து, கூண்டில் நின்றவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறது. கதைதானே, விளையாட்டுதானே என்கிறவர்களை அந்தக் கூண்டில் ஒரு மணி நேரம் நிற்க வைத்துக் கேள்வி கேட்க வேண்டும்.

கேம் வெளிவந்தது. பெண் 3-க்கு வேறு யாரோ அலறியிருக்கிறார்கள். என் மீன்காரியையும் டீக்கடைக்காரியையும்கூட எடுத்துவிட்டார்கள். வேலைக்குக் கூப்பிடும் ஒருங்கிணைப்பாளர் என்னைத் தகராறு பிடித்தவள் என்று சொல்லிவிட்டு, சில மாதங்கள் போனே எடுக்கவில்லை. இப்போது எடுக்கிறார். காட்சியைப் பார்க்காமல் நான் மைக் முன்னால் நிற்பதில்லை.

அவள் மேல்முறையீடு செய்திருக்கிறாள். வாய்தா நாட்களில் நான் ரெக்கார்டிங் எதையும் ஒப்புக்கொள்வதில்லை, அவளுடன் ஹைகோர்ட்டுக்குப் போகிறேன். போன தடவை வழக்கை எடுக்கவே இல்லை. ஜட்ஜ் லீவாம். படியில் இறங்கும்போது, "பசிக்குது, வா, எதுனா துண்ணலாம்" என்றாள்.