கன்னத்துக்குள் தடவிய பால்

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு உடம்பில் பயமே ஊறாதாம். முதலில் சொன்னது யாரென்று தெரியாது. சலவைக்கடைக்காரி மாமியாரிடம் சொன்னாள். அவளுக்கு அவள் தங்கை சொன்னாளாம். தங்கைக்கு ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிற யாரோ. மாமியார் அதைச் சமையலறைக்குக் கொண்டுவந்து, அடுப்பைத் துடைக்கிற சாக்கில் சின்னவளின் காதில் போட்டாள்.

"நல்லதுதானே. பயமில்லாத பொண்ணு. பெரியவ பெத்தது மாதிரி ஊரைக் கூட்டாது."

ஆறுதலாகத்தான் சொன்னாள். சின்னவளுக்கு வயிறு எரிந்தது.

அந்தக் குடும்பத்தின் இளைய மருமகள் அவள். வீட்டில் சின்னவள், வேலை செய்கிற தையல்கடையில் ஊசி என்று பெயர். கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய கடை அது. வாங்கிய துணியை ஆளுக்கேற்றபடி பிடித்தும் பிரித்தும் தைத்துக் கொடுப்பார்கள். உள்ளே நுழைகிறவருக்கு எந்தத் தோள் இறக்கம், எந்தக் கால் நீளம் என்று டேப்பை எடுப்பதற்கு முன்பே கண்ணால் அளந்துவிடுவாள். அந்தக் கண்ணை அவளால் கடையில் கழற்றி வைத்துவிட்டு வர முடியவில்லை. மூத்த மருமகளான பெரியவளின் அறை ஜன்னல் எவ்வளவு அகலம், பெரியவளின் பேச்சுக்கு மாமியார் எவ்வளவு நேரம் சிரிக்கிறாள், எல்லாம் அவளிடம் அளவோடு இருந்தன.

பெரியவளுக்குத்தான் முதலில் கரு தங்கியது. இரண்டு மாதம் கழித்து இவளுக்கு. அந்த இரண்டு மாதத்தையும் இவள் மனதுக்குள் கடன் மாதிரி சுமந்தாள். பிறகு திடீரென்று ரத்த அழுத்தம் எகிறி, ஏழாம் மாதத்திலேயே வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்தார்கள். அதே வாரத்தில் பெரியவளுக்கு நிறைமாதத்தில் பையன்.

"எல்லாத்துலயும் பின்னாடி வர்றவ, இதுல மட்டும் என்ன அவசரமோ," என்று மாமியார் யாரிடமோ போனில் சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது.

சின்னவள் தன் குழந்தைக்கென்று மஞ்சள் துணியில் ஒரு சட்டை தைத்து வைத்திருந்தாள். தையல் உள்ளே உறுத்தக் கூடாதென்று விளிம்பை மடித்து மடித்துத் தைத்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த தன் மகளை அதற்குள் போட்டால் சட்டையின் ஒரு கைக்குள்ளேயே முழுசாக அடங்கிவிடுவாள். அது வீணாகக் கிடப்பானேன் என்று மாமியார் பெரியவளின் பையனுக்குப் போட்டுவிட்டாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. அதுதான் பொறுக்கவில்லை.

பையனுக்குப் பீரங்கி என்று பட்டப்பெயர். குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தபோது அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டிலிருந்து எட்டிப் பார்த்தார்களாம். இவள் மகளுக்குச் சாது என்று பெயர். அவளுக்கும் அதே ஊசிதான். நெற்றியைச் சுருக்கினாள், விரல்களை விரித்தாள், அவ்வளவுதான். "தங்கமான பிள்ளைடி உனக்கு, மூச்சுக் காட்ட மாட்டேங்குது," என்றாள் பெரியவள். பாராட்டுத்தான். ஆனாலும் ஒரு அலறலுக்காக ஏங்குகிற தாய்க்கு அது பாராட்டாகக் கேட்குமா?

மாமியார் சொன்னதைச் சின்னவள் டாக்டரம்மாவிடமே கேட்டாள்.

"பயமும் இருக்கு, வலியும் இருக்கும்மா. கத்துறதுக்குத் தெம்புதான் இல்லை," என்றாள் டாக்டரம்மா. "சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கு. உடம்புக்கு ஒரு இக்கட்டு வந்தா கார்டிசோல்னு ஒரு ஹார்மோனைச் சுரக்கும். ரத்த அழுத்தம் விழாம, சர்க்கரை இறங்காம அதுதான் தாங்கிப் பிடிக்கும். நிறைமாசப் பிள்ளைக்கு அது தயாரா இருக்கும். இவ்வளவு சீக்கிரம் பிறந்த சில குழந்தைங்களுக்கு அந்த வேலை இன்னும் பழகியிருக்காது. அதான் உங்க பொண்ணுக்கு மருந்தா கொடுக்கிறோம். தானா சுரக்க ஆரம்பிச்சதும் நிறுத்திடலாம்."

தானாகச் சுரக்கிறதா என்று பார்க்க அந்த வார்டில் ஒரு முறை வைத்திருந்தார்கள். இத்தனூண்டு உடம்பிலிருந்து அடிக்கடி ரத்தம் உறிஞ்ச முடியாது, எச்சிலில் பார்ப்பார்கள். குதிகாலில் ஊசி குத்துவதற்கு முன் ஒரு பஞ்சுக்குச்சி, குத்திய பின் ஒன்று; வலிக்கு எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் கணக்கு. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அதை வைத்துப் பிடிப்பது அம்மாவின் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க நிறைமாதக் குழந்தைகளும் வேண்டும் என்றபோது பெரியவள் முந்திக்கொண்டு பீரங்கியைத் தூக்கிப் போனாள்.

"மூணு மடங்கு ஏறுதாம்டி இவனுக்கு," என்று திரும்பி வந்து சிரித்தாள். "முதல் தடவை எடுத்ததைத் தூக்கிப் போட்டுட்டாங்க. வாயை மூடட்டும்னு நான் நடுவுல பால் கொடுத்துத் தொலைச்சேன். பால்ல அம்மாவோட ஹார்மோனும் சேர்ந்து வருமாம், கணக்கு கூடிடுமாம். நர்ஸக்கா பிடிச்சு ஒரு ஏறு ஏறினாங்க பாரு!"

சின்னவளும் சிரித்தாள். மூணு மடங்கு என்பது மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அது மதிப்பெண் இல்லை என்று அவளுக்குத் தெரியாமலில்லை.

சாதுவுக்கு இன்னும் உறிஞ்சத் தெரியாது. குழாய் வழியாகத்தான் பால். வாய்க்கு ருசி பழகட்டும் என்று, சின்னவள் பீய்ச்சிக் கொடுத்த பாலில் பஞ்சைத் தோய்த்துக் கன்னத்துக்குள் தடவச் சொல்லியிருந்தார்கள். நாள் முழுக்க அவள் அம்மாவாக இருந்த நேரம் அதுதான். பரிசோதனை நாளன்று மட்டும் கூடாது. வாயைத் துடைத்துக் காயவிட்டிருக்க வேண்டும்.

மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அன்றைக்குக் காலை வேளை மருந்தை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு, எச்சில் எடுக்கச் சொன்னார்கள். முதல் குச்சி எடுத்தாயிற்று. ஊசியும் குத்தியாயிற்று. சாது வழக்கம்போல நெற்றியைச் சுருக்கினாள். நர்ஸக்கா பக்கத்துப் பெட்டியில் மணி அடிக்கிறதென்று திரும்பினாள். பால் கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சின்னவள் பஞ்சைத் தோய்த்து மகளின் கன்னத்துக்குள் ஒரு இழுப்பு இழுத்தாள். பிறகு பரிசோதனைக் குச்சியை அதே இடத்தில் வைத்துப் பிடித்தாள்.

மறுநாள் காலை டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். "நல்லா ஏறியிருக்கு. நானே இவ்வளவு எதிர்பார்க்கலை. சாயங்கால வேளையிலிருந்து மருந்து வேண்டாம்."

போனில் சேதி முன்பே போயிருந்தது; வீட்டுக்கு வந்தால் மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "பாத்தியா, நம்ம சாதுவும் லேசுப்பட்டவ இல்ல!" பெரியவள் பீரங்கியைத் தோளில் தட்டியபடி, "இத்தனூண்டு உடம்பு, அதுக்குள்ள இவ்வளவு வீம்பா? இவனைவிடக் கூடவாடி?" என்றாள். அந்தக் குரலில் ஒரு இழை குறைந்ததைச் சின்னவளின் காது பிடித்துவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தாள். உட்கார்ந்து ரசித்து அனுபவித்தாள். தட்டில் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

கை கழுவும்போதுதான் டாக்டரம்மாவின் சொல் வந்தது. தாங்கிப் பிடிக்கும். ராத்திரி சாதுவுக்கு அழுத்தம் விழுந்தால் எது தாங்கிப் பிடிக்கும்? குச்சியில் ஏறியது சாதுவுடையதா, தன்னுடையதா? குழாய்த் தண்ணீர் கையில் ஓடிக்கொண்டே இருந்தது.

"அக்கா."

"என்னடி, முகம் ஏன் இப்படி வெளிறிக்கிடக்கு?"

"நான் பால் தடவினேன்."

"தினமும் தடவுறதுதானே?"

"ஊசி குத்தினதுக்கப்புறம். குச்சி வைக்கிறதுக்கு முன்னாடி. தெரிஞ்சேதான்."

பெரியவளுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. "அடிப்பாவி! எதுக்குடி?"

"உன் பையனுக்கு மூணு மடங்குன்னு சொன்னியே."

பெரியவள் வாயைத் திறந்தாள். வந்த வார்த்தையை விழுங்கினாள். பிறகு விழுங்க முடியாததைக் கொட்டினாள். "இதுல என்னடி போட்டி? இவன் கத்துறதுல எனக்கு நேத்து தலைக்குக் குளிக்க நேரமில்லை. உன் பொண்ணு படுத்திருக்கிற அழகைப் பார்த்து எனக்கு எரியலைன்னா நினைச்ச? உன் பால் பாட்டில் நிறையுது. எனக்கு நாலு சொட்டுக்கு மேல வரமாட்டேங்குது. டப்பா மாவுதான் கரைச்சு ஊத்துறேன். அத்தை அதையும் குத்திக்காட்டுது."

சின்னவள் அவளைப் பார்த்தாள். இது அவளுடைய அளவுகளில் இல்லாதது.

"நின்னுக்கிட்டு என்ன பாக்குற? போனைப் போடு. சாயங்கால மருந்து எப்போ?"

"விளக்கு போடுற நேரத்துக்கு."

"அதுக்குள்ள சொல்லியாகணும். நான் டாக்ஸி பிடிக்கிறேன், நீ பேசிக்கிட்டே இறங்கு. அத்தை! இவனைப் பிடிங்க!"

"எங்கடி ரெண்டு பேரும் ஓடுறீங்க?" என்று மாமியார் கைக்கு வந்த பேரனோடு வாசல் வரை வந்தாள். பதில் சொல்ல யாரும் நிற்கவில்லை.

படியில் இறங்கும்போதே சின்னவள் வார்டு நம்பரை அழுத்தினாள். என்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் ஓட்டிப் பார்த்தாள். மருந்தை நிறுத்தாதீங்க. நான்தான் கெடுத்தேன். மறுபடியும் எடுங்க, இந்தத் தடவை நான் வைக்கலை, நீங்களே வைங்க. இனி அவர்கள் பெட்டிக்குள் கைவிட விடுவார்களோ என்னவோ. விடாவிட்டாலும் சரி.

தெருவில் பெரியவள் கையை நீட்டி ஒரு வண்டியை நிறுத்தியிருந்தாள். சின்னவள் ஏறி உட்கார்ந்தாள், போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வார்டில் இது பால் கொடுக்கும் நேரம்; எல்லாக் கையும் பெட்டிகளுக்குள் இருக்கும்.

"எடுத்தாங்களா?"

"இன்னும் இல்லைக்கா."

மணி அடித்து ஓய்ந்தது. அவள் மறுபடியும் அழுத்தினாள். அங்கே அடிக்க ஆரம்பித்தது.