முதலைத் தோலுக்கு ஓர் ஆட்சேபணை

மாவட்டப் பேச்சுப் போட்டிகளில் நான் தோற்றது அரிது. அழிந்துவரும் முதலை இனமொன்றின் தோல்களை இறக்குமதி செய்ய ஒரு நிறுவனம் அனுமதி கேட்கிறது, எந்த நாட்டவரும் கருத்துச் சொல்லலாம் என்று அயல்நாட்டு வனவிலங்குத் துறையொன்று இணையத்தில் அறிவித்திருந்தது. எனக்கென்றே போடப்பட்ட மேடை அது என்று எண்ணினேன். அந்த அனுமதியைத் தடுத்தே தீருவதென்று மூன்று பக்கம் எழுதினேன். விளி, அடுக்கு, உச்சம் எதிலும் குறைவில்லை.

கெடு முடியும் நாளின் மாலையில், மாதனூரில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அக்காவிடம் அதை உரக்க வாசித்துக் காட்டினேன். ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையொன்றில் தோல்களைத் தரம் பிரிப்பவள் அவள்.

“கை தட்றதுக்கு அங்க யாருடி இருக்கா?” என்றாள். “போட்டோ இருக்கா?”

நிறுவனம் தன் விண்ணப்பத்தோடு இணைத்திருந்த தோல்களின் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“இதுங்கள எப்பிடி வளத்தாங்களாம்?”

“பண்ணையிலதான்க்கா. பொறந்ததுலேர்ந்து ஒண்ணொண்ணும் தனித்தனித் தொட்டியிலன்னு எழுதியிருக்காங்க.”

“அப்ப இத்தினி தழும்பு இன்னாத்துக்கு? உரிக்கும்போது கத்தி பட்டதில்ல இது. உசுரோட இருக்கும்போதே ஆறிப்போன காயம். பாரு, பல்லு பட்ட மாதிரி வரிசையா. தனியா இருந்தது யாரோட சண்டை போட்டுச்சாம்?”

“காட்ல புடிச்சதுன்னு எழுதிடறேன்!”

“நீ போய்ப் பாத்தியா? எனக்கு மாடும் ஆடும்தான் தெரியும். தழும்பு எப்பிடி வந்துச்சுன்னு மட்டும் கேளு. ஜாஸ்தி பேசுனா பேஜாரு.”

வினா எழுப்பிவிட்டு விடை கூறாமல் மேடையிறங்குவது என் பயிற்சிக்கு ஒவ்வாதது. ஆயினும் அந்தத் தழும்புகளின் முன் என் மூன்று பக்கங்களில் ஒரு வரியும் நிற்கவில்லை. அனைத்தையும் நீக்கினேன். எந்தப் படத்தில் எவ்விடத்தில் தழும்பு என்று ஆங்கிலத்தில் ஆறு வரிகளும், இறுதியில் ஒரு கேள்வியும் எழுதினேன். கருத்துரைப்பவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரையும் தொழிலையும் இட்டேன்.

“கம்பெனி பேரு போட்றாத,” என்றாள். போடாமல் அனுப்பினேன்.

சில வாரங்களுக்குப் பின் துறையின் இணையப் பக்கத்தில் ஒரு குறிப்பு வெளியானது. தழும்புகளைப் பற்றி விண்ணப்பதாரரிடம் விளக்கமும் வளர்ப்புப் பதிவேடும் கேட்கப்பட்டுள்ளன. அவை வரும்வரை அனுமதி இல்லை. அதை நான் என் மேடைக் குரலிலேயே தமிழில் அறிவித்தேன்.

அக்கா டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அடுத்தது இன்னா தோலுன்னு பாரு,” என்றாள். “ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு லீவு, நிதானமா பாக்கலாம்.”